பல் பிடுங்கும் நாளிலும் மாத்திரை வேண்டும்

கிறிஸ்துவுக்குள் பிரியமான பங்காளர்களே,



ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் கடந்து, காலைப் பேருந்தில் ஒரு பெரியவர் நம் பல் பிரிவுக்கு வந்தார். கடைவாய்ப் பல் வலியால் இரண்டு இரவுகள் தூக்கமில்லை. வெறும் வயிற்றோடு போகவேண்டும் என்று யாரோ சொன்னதால், சாப்பிடவுமில்லை. இரத்தக் கொதிப்பு மாத்திரையையும் போடவில்லை. அழுத்தம் 190/116 இருந்தது. டாக்டர், "இன்று பிடுங்க வேண்டாம்" என்றார். "ஏழை என்றுதானே அலைய விடுகிறீர்கள் ஐயா?" என்று பெரியவர் எங்களிடம் மனம் நொந்து கேட்டார். அவரோடு உட்கார்ந்து காரணத்தை விளக்கினோம்.

அழுத்தம் 180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால், அவசரமில்லாத பல் சிகிச்சையைத் தள்ளிவைப்பதே வழக்கம். வலியும் பயமும் உடலில் அட்ரினலினைச் சுரக்கச் செய்து அழுத்தத்தை இன்னும் ஏற்றும். மரத்துப்போக ஊசியில் போடும் லிக்னோகெய்ன் மருந்திலும் சிறிதளவு அட்ரினலின் பெரும்பாலும் கலந்திருக்கும். அழுத்தம் கட்டுக்குள் உள்ளவர்களுக்கு அதை அளவோடு போடலாம். கட்டுக்கு மீறியிருந்தால் பல் குழியில் இரத்தம் நிற்கத் தாமதமாகும். அரிதாகப் பக்கவாதமோ மாரடைப்போ வரலாம். ஆனால் முகம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் காத்திருக்கக் கூடாது; பெரிய மருத்துவமனையில் கண்காணிப்போடு உடனே சிகிச்சை பெறவேண்டும்.

ஆகவே பல் பிடுங்கும் நாளிலும் காலை மாத்திரையைத் தவறாமல் போடுங்கள். மரத்துப்போகும் ஊசி மட்டும் என்றால் இலேசாகச் சாப்பிட்டு வாருங்கள். உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் காட்டுங்கள். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். சில வலி மாத்திரைகள் அழுத்தத்தை ஏற்றும். கடையில் கேட்டு வாங்க வேண்டாம். அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சிகிச்சை முடிந்ததும் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்திருங்கள்.

ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசியானாலும், நம் சபைகளில் லெந்து காலமானாலும், உபவாசம் உணவுக்குத்தான், மாத்திரைக்கு அல்ல. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இம்மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. வாசலுக்கு வந்த மாத்திரையையும் நாம்தானே விழுங்கவேண்டும்!

பெரியவர் பாராசிட்டமாலோடு வீடு திரும்பினார். தினமும் மாத்திரை போட்டு, இரண்டு வாரத்தில் மறுபடி வந்தார். அழுத்தம் 146/88. பல் எடுக்கப்பட்டது, இரத்தமும் சீக்கிரம் நின்றது. "அன்று திருப்பி அனுப்பியதும் வைத்தியம்தான் ஐயா" என்றார்.

அழுத்தம் பார்க்கும் கருவிக்கும், ஏழைகளின் மாத்திரைக்கும் உங்கள் காணிக்கை உதவுகிறது.  எங்களை ஜெபத்தில் தாங்குங்கள்.

ஆண்டவரின் பணியில்,
மருத்துவமனைக் குருவானவர்