பாலும் பழமும் வைத்த நேரம்

1917-ல் சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனையை வணிகப் பயிராக நட்டார். மலாயாவில் அதுவே முதல்முறை. பின்னர் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930-ல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் பெற்றார். அவர் பெயர் நிலைத்தது. காடழித்துக் கன்று நட்ட தொழிலாளர்களின் பெயர்கள் நிலைக்கவில்லை.

அன்று கோல சிலாங்கூர் வட்டாரத்தை ஆண்டது பால்மரம்தான். மேலைநாடுகளில் கார்கள் பெருகப் பெருக, டயருக்கான ரப்பர் இங்கிருந்து கப்பலேறியது. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் உறவையும் அண்டை வீட்டாரையும் திரட்டி வந்தார்கள். அதனால் ஒரே ஊர்க்காரர்கள் பலர் ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வாழ்ந்தார்கள். மாரியம்மனும் முனியாண்டியும் அவர்களோடு வந்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் பொறுப்பை 1923-ன் தொழிலாளர் சட்டம் தோட்டங்கள்மீது சுமத்தியது.

விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள்கணக்கெடுப்பு. பிறகு தலைவிளக்கோடு மரம் சீவப் போக வேண்டும். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் வடிவது குறையும். மங்குகளில் தேங்கியதை வாளியில் சேர்த்து ஸ்டோரில் எடை போட்டாக வேண்டும். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விடுவதும், உலை வைப்பதும், உறங்குவதும் அந்தப் பாலின் நேரப்படிதான். ஆலை நகரத்தில் சங்கு செய்த வேலையை இங்கே மரம் செய்தது.

ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தபோது அந்த நேரமும் மாறியது. வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் கெடும். எனவே ஆலைகள் தோட்டங்களை ஒட்டியே எழுந்தன. மரங்களுக்கு நடுவே லாரித் தடங்கள் நீண்டன. ஆனால் ரப்பருக்குத் தேவைப்பட்ட அளவு ஆட்கள் செம்பனைக்குத் தேவையில்லை. தொழிலாளர்கள் செம்பனைப் பூக்களுக்குக் கையால் மகரந்தம் தூவி வந்தார்கள். 1981-ல் கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்ட, மகரந்தம் பரப்பும் ஒரு சிறு வண்டு அந்தப் பிழைப்பையும் எடுத்துக்கொண்டது. விளைச்சல் உயர்ந்தது என்று மகிழ்ந்து எழுதுபவர்கள் இந்தக் கூலி இழப்பையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1985-ல் வெள்ளீய விலை சரிந்தது. பத்தாங் பெர்ஜுந்தையின் வெள்ளீயச் சுரங்கத் தொழிலும் அடி வாங்கியது. இளையவர்கள் கிள்ளான், ஷா ஆலம், ரவாங் பக்கம் தொழிற்சாலை வேலை தேடிப் போனார்கள். தோட்ட வேலையை இந்தோனேசியர்களும் வங்கதேசத்தவரும் ஏற்றார்கள். 2007-ல் பத்தாங் பெர்ஜுந்தையின் பெயர் பெஸ்தாரி ஜெயா ஆனது; இன்று அங்கே சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. தமிழ்ப்பள்ளிகள் பல தோட்டத்தின் பெயரைத்தான் இன்றும் தாங்கி நிற்கின்றன.

நீண்ட காலம் தீராதிருந்தது வீட்டுப் பிரச்சினை. லயத்து வீடு வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. வேலை போனால் வீடும் போகும். மூன்று தலைமுறை உழைத்த குடும்பத்துக்கும் இதே விதிதான், இது அநீதி. மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீடு கேட்டு ஆண்டுக்கணக்கில் அரசுகளின் கதவைத் தட்டினார்கள். அவர்கள் கேட்டது, தாங்கள் உழைத்த மண்ணுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு.