ராதாரிச் சீட்டு

நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதி இருக்கிறது. பங்குனி அத்தத்தன்று காரைக்குடிக் கம்பன் விழாவின் நிறைவு நாள் இங்கேதான் நடக்கும். மற்ற நாட்களில் கூட்டம் இருக்காது. பிள்ளை பிறந்த வீட்டுக்காரர்கள் வந்து சமாதி மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்துக் குழந்தையின் நாக்கில் தொட்டு வைப்பார்கள். நாக்கு நல்ல தமிழ் பேசட்டும் என்று ஒரு நம்பிக்கை. இதைச் செய்யச் சொல்லி எந்த அரசாணையும் வந்ததில்லை. தாய் செய்ததைப் பார்த்து மகள் செய்கிறாள்.

இந்த வாரத் தொடருக்கான பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது. மகளைக் கட்டிக் கொடுத்த ஊர் என்று உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார் ஒரு பெரியவர். பேத்தியை மடியில் வைத்திருந்தார். எங்கெங்கோ சுற்றிய பேச்சு அவருடைய தாத்தாவிடம் வந்து நின்றது.

"எங்க சீயான் பக்கத்து ஊருக்குப் போகணும்னாலும் கையில சீட்டு இருக்கணும் தம்பி. பொண்ணு பாக்கப் போனாலும் சீட்டு, எழவுக்குப் போனாலும் சீட்டு."

"ராதாரிச் சீட்டுங்களா ஐயா?"

"அதேதான். பேரு தெரிஞ்சு வச்சிருக்கீகளே" என்றவர், பேத்தியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். "பத்து விரலையும் மையில உருட்டி எடுத்தான். திருடுனவன், திருடாதவன் எல்லாருக்கும் ஒரே மைதான்."

வெள்ளைக்காரன் 1871-இல் வடக்கே கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கத்து மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொல்வார்கள். பிறந்த குலத்தை வைத்தே ஒருவனைக் குற்றவாளி என்று எழுதும் சட்டம் அது. பதிவு செய்யப்பட்ட ஆண்கள் இரவில் வீட்டில் படுக்கக் கூடாது, காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போகிறவன் எங்கே போகிறான், எத்தனை நாள் என்று எழுதிய சீட்டோடு போக வேண்டும்.

இத்தனைக்கும் இந்தச் சட்டத்தில் சிக்கிய பிரமலைக் கள்ளர்கள் எட்டு நாடும் 24 உபகிராமமுமாகத் தங்களைத் தாங்களே ஆண்டுகொண்டவர்கள். ஊர்க்காவலுக்கு அவர்களுக்கு உரிமை இருந்தது. களவு போன மாட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் துப்புக்கூலி உண்டு. அந்தக் காவலை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் போலீஸை வைத்த அரசாங்கம், பழைய காவல்காரனைத் திருடன் என்று எழுதிவைத்தது. இந்த வரிசையைத் தெரிந்துகொள்ளாமல் 'குற்றப் பரம்பரை' என்ற சொல்லை நாம் வாயில் எடுக்கக் கூடாது.

1920 ஏப்ரல் 3. பெருங்காமநல்லூர் ஊரே ரேகை கொடுக்க மறுத்தது. போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். அவர்களில் ஒருத்தி மாயக்காள். குண்டடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோன பெண். இன்றைக்கும் ஏப்ரல் 3 வந்தால் ஊர் கூடி அஞ்சலி செலுத்துகிறது. அந்த மக்களுக்காக வாதாடிய ஜார்ஜ் ஜோசப்பை அவர்கள் 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள், பிள்ளைகளுக்கும் ரோசாப்பூ என்று பெயர் வைத்தார்கள். முத்துராமலிங்கத் தேவர், ஜீவா, பி. ராமமூர்த்தி என்று பலர் போராடி 1947-இல் மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. 1952 ஆகஸ்ட் 31-இல் நாடு முழுவதும் ஒழிந்தது. ஆனால் அதற்கு முன்பே, 1948-இல், வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்று ஒன்று சென்னை மாகாணத்தில் வந்துவிட்டது. அதே கண்காணிப்பு வேறு பெயரில் தொடர்ந்தது.

இந்த ராதாரிச் சீட்டுக்கு ஒரு பங்காளி கனடாவில் இருந்தது. 1885-இல் மேற்குப் பகுதிப் பூர்வகுடிகள் எழுந்து போராடியபின், அவர்கள் தங்கள் குடியிருப்பு எல்லையைத் தாண்டுவதற்கு அரசு அதிகாரி கையெழுத்திட்ட சீட்டு வேண்டும் என்றார்கள். அதற்குச் சட்டமே கிடையாது, பல பத்தாண்டு நடைமுறையில் மட்டும் இருந்தது. அந்த மக்களின் சுமார் 1,50,000 பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழி பேசினால் அடித்தார்கள். 2008-இல் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் 94 பரிந்துரைகளை வைத்தது.

அதன் பிறகும் அந்த மக்களிடமிருந்தே ஒரு கேள்வி வந்தது. டெனே இனத்தைச் சேர்ந்த கிளென் கூல்தார்ட் 2014-இல் ஒரு நூலே எழுதினார். நிலத்தைப் பிடுங்கியவன் கையிலேயே அங்கீகாரம் கொடுக்கும் அதிகாரமும் இருந்தால், அந்த அங்கீகாரம் பழைய உறவைத்தான் நீட்டிக்கும் என்பது அவர் வாதம். மன்னிப்புக்காகக் காத்திருக்காமல் நிலத்தையும் மொழியையும் சொந்த முறைகளையும் தாங்களே மீட்டு எழுவதுதான் வழி என்கிறார். நிஷ்னாபே எழுத்தாளர் லியான் சிம்சனும் இதையே சொல்கிறார்.

நம் ஊரில் மன்னிப்பு என்ற பேச்சே எழவில்லை. பெயர் மட்டும் மாறிக்கொண்டிருந்தது. முதலில் குற்றப் பரம்பரை, பிறகு சீர்மரபினர். துறைக்குப் பெயர் கள்ளர் சீரமைப்பு. 'சீர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இவர்கள் சீர்கெட்டுக் கிடந்தார்கள், நாங்கள் சீராக்கினோம் என்ற தீர்ப்பு அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. 1979-இல் ஓர் அரசாணை அந்தப் பெயரில் இருந்த 'பழங்குடியினர்' என்பதை எடுத்துவிட்டு 'சமுதாயங்கள்' என்று மாற்றியது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2019-இல் மத்திய அரசுச் சலுகைக்கு ஒரு பெயர், மாநிலத்துக்கு ஒரு பெயர் என்று இரண்டு சான்றிதழ் வந்தது. தான் யார் என்பதைத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

ஆனால் அந்தத் துறை நடத்திய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளைக் கனடாவின் பள்ளிகளோடு ஒரே தராசில் வைக்க மாட்டேன். மக்கள் இடம் கொடுத்தார்கள், கள்ளர் பொது நிதிக்குப் பணம் கொடுத்தார்கள். அரசு கட்டுப்படுத்துவதற்காகக் கொண்டுவந்ததை, படித்துத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். மீட்டெடுப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

மீட்பின் பெயரால் வேறொன்றும் நடக்கிறது, அதை மறைக்க முடியாது. ரேகை வைத்த வலி, பக்கத்துச் சேரிக்காரனின் வலியைப் புரியவைத்திருக்க வேண்டும். பல இடங்களில் அது அரிவாளும் ஆண்ட பரம்பரைப் பாட்டுமாகத் திரும்பிவிட்டது. ஒடுக்கியவன் கொடுத்த படிக்கட்டில் ஏறி நின்று இன்னொருவனை ஒடுக்குவது மீட்பு ஆகாது. அதே குற்றப் பரம்பரைப் பட்டியலில் இருந்த குறவர்களைப் பாருங்கள். 1993-இல் கடலூர்ப் பக்கம் ராஜாக்கண்ணு என்ற குறவர் காவல் நிலையத்தில் கொல்லப்பட்டது எதனால்? எங்காவது திருட்டு நடந்தால் முதலில் குறவர் வீட்டுக் கதவைத் தட்டும் அந்தப் பழைய மை இன்னும் காயவில்லை. சிறை விதிகளில் இருந்த, பிறப்பை வைத்துப் பிரிக்கும் பாகுபாட்டை உச்ச நீதிமன்றம் நீக்கச் சொன்னதே 2024 அக்டோபர் 3-ஆம் தேதிதான்.

கிளம்பும்போது பெரியவரிடம், அந்தச் சீட்டு ஒன்றாவது வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். "சட்டம் போனதும் அடுப்புல போட்டுட்டாக. வச்சிருந்தா அவமானம்னு நெனச்சாக" என்றார்.

சட்டம் ஒழிந்தபோது பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று தொண்ணூறை நெருங்கும் வயது. மதுரை, தேனி, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து வாசகர்களே, உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்காருங்கள். சாவடியில் படுத்தது யார், சீட்டு எழுதியது யார், ரேகை கொடுக்க மறுத்தது யார் என்று கேட்டு, அவர் சொல்கிற பேச்சிலேயே எழுதி வையுங்கள்.