ஆடிக் குளிருக்குச் சூரியனா காரணம்?

சில ஆண்டுகளாக ஜூலை நெருங்கும்போதெல்லாம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றி வருகிறது. ‘அபீலியன்’ தொடங்கிவிட்டதாம்; பூமி சூரியனைவிட்டு 66 சதவீதம் விலகிப் போகிறதாம்; ஆகஸ்ட் வரை குளிர் வாட்டுமாம், சளியும் காய்ச்சலும் பெருகுமாம். தருமபுரிக்காரர்கள் இதை நம்பிவிடுவதில் வியப்பில்லை. மேட்டுநிலமான இந்த மாவட்டத்தில், ஆடிக்காற்று சுழன்றடிக்கும் மேகமூட்டமான காலையில், பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் உடம்பு உண்மையாகவே சிலிர்க்கும்.

பூமி சூரியனிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் நிலைதான் அபீலியன்; அது கட்டுக்கதை அல்ல. பூமியின் பாதை சற்றே நீள்வட்டம். ஜூலை தொடக்கத்தில் சூரியனிலிருந்து சுமார் 15.2 கோடி கிலோமீட்டரும், ஜனவரி தொடக்கத்தில் சுமார் 14.7 கோடி கிலோமீட்டரும் தள்ளியிருக்கிறோம். வித்தியாசம் 3 சதவீதத்தை ஒட்டித்தான். அப்படியானால் அந்த 66 எங்கிருந்து வந்தது? வழக்கமான தூரம் 9 கோடி கிலோமீட்டர் என்கிறது செய்தி. சராசரித் தூரம் 9.3 கோடி மைல் என்பதை யாரோ கிலோமீட்டராக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்க வேண்டும். சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் ஜனவரியில்தானே நாம் போர்வையைத் தேடுகிறோம்? தூரம் பருவத்தைத் தீர்மானிப்பதில்லை, பூமியின் அச்சுச் சாய்வுதான் தீர்மானிக்கிறது. ஆடிக் குளிர்ச்சியைக் கொண்டுவருவது தென்மேற்குப் பருவக்காற்றும் அதோடு வரும் மேகமும்.

இந்தப் பொய்யின் பலம் எங்கே இருக்கிறது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். படிப்பவரின் உடம்பே அதற்குச் சாட்சி சொல்லிவிடுகிறது. புவி வெப்பமாதலைப் பற்றிய உண்மையோ துருவக் கரடியும் உருகும் பனிப்பாறையுமாக வந்து சேர்கிறது. கேழ்வரகும் சாமையும் விதைக்கிறவருக்கு அதில் தன் ஊர் தெரிவதில்லை.

தெரியும்படி காட்ட நிகழ்வுகள் இல்லாமலில்லை. 2024 கோடையில் ஒகேனக்கல்லில் காவிரி நொடிக்கு 200 கனஅடியாக இளைத்துக் கிடந்தது. ஜூலை முடிவதற்குள் அதே பாறைகளின் மீது லட்சம் கனஅடியைத் தாண்டிய வெள்ளம் பாய்ந்தது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலைப் பற்றிக் கைபேசிகளில் நடந்த பேச்செல்லாம் சென்னையைச் சுற்றியே இருந்தது. வலுவிழந்த பிறகு அது மேற்கே நகர்ந்து உள்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33 சென்டிமீட்டர். ஊத்தங்கரை இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்தாலும் 2004 வரை தருமபுரியோடு இருந்த ஊர். தருமபுரி மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை 90 சென்டிமீட்டருக்குள்தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட மழை ஒரே நாளில் அரூரில் பெய்திருக்கிறது.

ஊத்தங்கரையில் சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிச் சென்ற காணொளியைப் பார்க்காதவர் குறைவு. எனக்கு வந்த பகிர்வு எதிலும் விளக்கமாக ஒரு வரிகூட இல்லை. எழுதியிருந்தால் இவ்வளவு போதும்: காற்று 1 டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும், எனவே பெய்யும்போது அடைமழையாகக் கொட்டும் வாய்ப்பு கூடுகிறது. ஒரே மழையை வைத்து ‘இது பருவநிலை மாற்றம்தான்’ என்று தீர்ப்பு எழுதக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு நாள் குளிரை வைத்துப் புவி சூடாகவில்லை என்று வாதிடுவதும் அதே தவறுதான். முப்பது ஆண்டுக் கணக்கு பேச வேண்டிய இடம் இது. உலகச் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 டிகிரிக்கு மேல் ஏறிய முதல் நாட்காட்டி ஆண்டு 2024 என்பது அந்த நீண்ட கணக்கில் வந்த முடிவு.

மக்களுக்குப் புரியாது என்ற சலிப்பை நான் ஏற்கவில்லை. யேல் பல்கலைக்கழகமும் சி-வோட்டரும் சேர்ந்து இந்தியாவில் நடத்தி 2022-ல் வெளியிட்ட கருத்தாய்வில் 54 சதவீதத்தினர், புவி வெப்பமாதலைப் பற்றிக் கொஞ்சமே தெரியும் அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். அது என்னவென்று சுருக்கமாக விளக்கிய பிறகு, அது நடக்கிறது என்று 84 சதவீதத்தினர் ஒப்புக்கொண்டார்கள். அனுபவம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, காரணத்தை மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் அபீலியன் செய்தி குடியேறுகிறது. ஒரே நேரத்தில் ஐந்து பகிர்வுகளுக்கு மேல் கூடாதென்று வாட்ஸ்அப் 2018-ல் இந்தியாவில் வரம்பு வைத்தது. அது வேகத்தைக் குறைக்கும், வெற்றிடத்தை நிரப்பாது.

உழவர்களுக்காக 2019-ல் வந்த ‘மேக்தூத்’ செயலி வரும் நாட்களின் வானிலையைத் தமிழிலும் சொல்கிறது. நல்ல முயற்சி. ஆனால் போன தலைமுறையின் மழையைக் கைபேசியில் காட்டுவார் யாருமில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறையிடம் 1901 முதலான மழைத் தரவு இருக்கிறது. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, மாரண்டஅள்ளி, பென்னாகரம் என்று ஊர் பிரித்து, 10 சென்டிமீட்டருக்கு மேல் பெய்த நாட்களையும் மழையே காணாத வாரங்களையும் ஒரே படமாக வரைந்து அனுப்பலாம். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையமும் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர்களும் கைகோத்தால் ஒரு பருவத்துக்குள் முடிகிற வேலை. அந்தப் படத்தில் 2024 டிசம்பர் 2 எங்கே நிற்கிறது என்பதை அரூர்ப் பிள்ளைகள் தாங்களே தேடிப் பார்க்கட்டும்.