உங்களுக்குத் தெரியுமா? அடைமழையில் துணி காயும் கணக்கு

ஐப்பசி பிறந்தால் மொட்டை மாடிக் கொடி ஹாலுக்குள் வந்துவிடும். நாற்காலி முதுகு, கதவின் மேல்பக்கம், ஜன்னல் கம்பி என எங்கு பார்த்தாலும் ஈரத்துணி. மூன்றாம் நாளும் பள்ளிச் சீருடையின் இடுப்புப் பட்டையைத் தொட்டால் சில்லென்று இருக்கும். இந்தத் தொல்லைக்காகவே சிலர் வீட்டில் டீஹியூமிடிஃபையர் வாங்கி வைக்கிறார்கள். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தொட்டியில் சேர்க்கும் பெட்டி அது. அதைச் சுற்றிச் சில தகவல்கள்.

★ வாஷிங்மெஷின் நன்றாகப் பிழிந்து தந்தாலும், காய்ந்த துணியின் எடையில் சுமார் பாதி அளவுக்குத் தண்ணீர் அதில் தங்கியிருக்கும். 5 கிலோ துணி என்றால் இரண்டரை லிட்டர். நம்பிக்கை வரவில்லையா? ஒரு குளியல் துண்டைத் துவைக்கும் முன்னும் பின்னும் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

★ அந்த இரண்டரை லிட்டரும் காற்றில்தான் ஏற வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி உள்ள ஓர் அறை. வெப்பம் 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று ஏற்கெனவே சுமார் 650 கிராம் தண்ணீரை ஆவியாகச் சுமந்துகொண்டிருக்கும். இனி ஏற்ற முடிவது ஏறக்குறைய 115 கிராம், அதாவது அரை டம்ளர். மூடிய அறையில் ராத்திரி முழுக்க ஃபேன் ஓடியும் துணி காயாததன் ரகசியம் இதுதான்.

★ பெட்டிக்குள் இருப்பது ஃபிரிட்ஜின் அதே வித்தை. குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்புறம் முத்து முத்தாக வேர்க்கிறதல்லவா? அதுபோல, குளிர்ந்த குழாய்ச் சுருளின்மேல் அறைக் காற்று படும்போது ஈரம் நீராகி வழிந்து தொட்டிக்குப் போகிறது. பிறகு அந்தக் காற்று சூடான சுருள் வழியாக வெளியே வரும். அதன் வாயில் கையை நீட்டினால் வெதுவெதுப்பாக இருக்கும்.

★ இது ஏ.சி.க்கு மாற்று அல்ல. அறை சூடாகத்தான் செய்யும். ஒரு லிட்டர் ஆவி நீராக மாறும்போது சுமார் 0.7 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வெளிப்படும். பெட்டி இழுக்கும் கரண்டும் கடைசியில் வெப்பமாக அறைக்குள்ளேயே தங்கிவிடும். படுக்கையறையில் ஓடவிட்டால் உங்களுக்கு வியர்க்கும், துணிக்குக் கொண்டாட்டம்.

★ இன்றைய ஏ.சி. பிறந்ததே ஈரத்தை அடக்கத்தான். 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகம் திண்டாடியது. கோடை ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கியதால், அடுத்தடுத்து அடித்த வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. அதற்கு வழி கண்டவர் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர். மனிதர்களுக்குக் குளுகுளுப்பு கிடைத்தது பிற்பாடுதான்.

★ ஈரத்துணியை காஸ் அடுப்பருகே காயப்போடுவது ஆபத்து மட்டுமல்ல, வேலையைக் கெடுக்கும் வேலையும்கூட. ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகும். 14.2 கிலோ சிலிண்டர் தீரும்போது உங்கள் சமையலறைக் காற்றில் 22 லிட்டர் தண்ணீரைக் கலந்துவிட்டுத்தான் போகிறது.

★ உள்ளே காயும் துணியில் வரும் முடைநாற்றத்துக்குக் காரணம் ஒரு கிருமி. பெயர் மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ். 2012-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை அடையாளம் காட்டினார்கள். துவைத்த பிறகும் நூலிழையில் ஒட்டியிருந்து, துணி ஈரமாகக் கிடக்கும் நேரத்தில் பெருகும். அதனால் சோப்புத்தூளை அள்ளிக் கொட்டுவதைவிட, சீக்கிரம் காயவைப்பதே மருந்து. ஜப்பானில் வீட்டுக்குள் துணி உலர்த்துவதற்கு ‘ஹெயாபோஷி’ என்று தனிப் பெயரே உண்டு. அங்கு விற்கும் பல டீஹியூமிடிஃபையர்களில் துணிக்கென்றே தனி பட்டனும் இருக்கும்.

★ பெட்டி ஓடும்போது ஜன்னலைத் திறந்து வைத்தால், அது மெரினாக் காற்றையே உலர்த்தப் பார்க்கும். கதவு, ஜன்னல் இரண்டையும் சாத்துங்கள். ஃபேனை மட்டும் போடுங்கள். துணிக்கும் துணிக்கும் இடையே கை நுழைய இடம் விடுங்கள். ஜீன்ஸை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டால் பாக்கெட்டும் பட்டையும் சேர்ந்து காயும்.

★ ‘ஒரு நாளைக்கு 12 லிட்டர்’ என்று அட்டையில் போட்டிருக்கும் அளவு, பெரும்பாலும் 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதத்தில் எடுத்தது. சென்னை மழைக்காலம் ஏறக்குறைய அப்படித்தான். அதே பெட்டியை மார்கழி ஊட்டிக்குக் கொண்டுபோனால் சுருளில் பனி கட்டி, பாதி நேரம் அதை உருக்குவதிலேயே போய்விடும். கையடக்கமான சின்னப் பெட்டிகள் பலவற்றில் கம்ப்ரெஸரே கிடையாது. நாள் முழுக்க ஓடினாலும் அவை சேர்ப்பது சில நூறு மில்லி. பீரோவுக்கு ஆகும், துணிக்கு ஆகாது.

★ 12 லிட்டர் ரகம் 200 முதல் 250 வாட் வரை இழுக்கும். நான்கைந்து மணி நேரத்துக்கு ஒரு யூனிட். ஹீட்டர் வைத்த டிரையர் 2,000 வாட்டையும் தாண்டும், ஆனால் ஓரிரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். ராத்திரி போட்டுக் காலையில் எடுத்தால் போதும் என்பவர்களுக்கு முதலாவதே லாபம். வீட்டில் ஏ.சி. இருந்தால், வாங்குமுன் அதன் ‘டிரை’ மோடைப் போட்டுப் பாருங்கள்.

★ தொட்டியில் சேரும் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். அதற்காகக் குடித்துவிடாதீர்கள். அறைத் தூசியும் கிருமியும் அதில் உண்டு. இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் வேண்டாம். உலோகச் சுருளில் வழிந்து வந்த நீர் அது. தரை துடைக்கவும் பாத்ரூம் கழுவவும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

★ ஈரப்பதம் காட்டும் மீட்டர் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது: உப்பு ஜாடி. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். கல்லுப்பில் மெக்னீசியம் உப்புகள் கலந்திருப்பதால் இன்னும் முன்னதாகவே கசியும். ஜாடியில் கைவிட்டுப் பாருங்கள். உப்பு பிசுபிசுத்தால் ஜன்னலைச் சாத்திப் பெட்டியைப் போடுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் கரண்டை மிச்சப்படுத்திக்கொண்டு, துணி வாளியோடு மாடிப்படி ஏறுங்கள்.