அரளியை அறிவோம், அறிந்து வளர்ப்போம்

பேருந்தில் போகிறீர்கள். அகலமான நெடுஞ்சாலை. சாலையின் நடுவே நீளமாக ஒரு திட்டு. அதில் வரிசையாகச் செடிகள். சிவப்பு, வெள்ளை, ரோஜா நிறத்தில் பூக்கள். அதுதான் அரளி.

இந்தியா முழுவதும் அரளி உண்டு. இந்தியில் இதைக் கனேர் என்பார்கள். தெலுங்கில் கன்னேரு. வங்காளத்தில் கரபி. மலையாளத்தில் நம்மைப் போலவே அரளி.

சாலை நடுவே இதை ஏன் வைக்கிறார்கள்? அரளி ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும். எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசாமல் மறைக்கும். வெயிலையும் புகையையும் தாங்கும். தண்ணீர் கொஞ்சம் போதும். ஆடு மாடு கடிக்காது.

ஏன் கடிக்காது? அரளி கசக்கும். அது நஞ்சு உள்ள செடி. இலை, பூ, தண்டு, வேர், விதை எல்லாமே நஞ்சுதான்.

எப்படி அடையாளம் காண்பது?

அரளி உயரமான புதராக வளரும். இலை நீளமாக, ஒடுக்கமாக, தடிப்பாக இருக்கும். இலையின் நடுவே வெளிர் நிறத்தில் ஒரு நரம்பு ஓடும். ஒரு கணுவைப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று இலைகள் சேர்ந்து இருக்கும். இதுதான் நல்ல அடையாளம். ஒற்றை அரளிப் பூவில் ஐந்து இதழ்கள். அடுக்கு அரளியில் நிறைய இதழ்கள்.

மஞ்சள் அரளி வேறு செடி. அது அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தது. அதன் பூ புனல் போல இருக்கும். கிளையை ஒடித்தால் பால் வடியும். காய் பச்சையாக இருக்கும். பழுத்தால் கறுக்கும். உள்ளே கெட்டியான கொட்டை இருக்கும். குழந்தைகள் அதை எடுத்து விளையாடுவார்கள். அதுவும் கொடிய நஞ்சு. விளையாட விடாதீர்கள்.

எப்படி வளர்ப்பது?

மழைக்காலத் தொடக்கம் நல்லது. பென்சில் கனத்தில் ஒரு கிளையை வெட்டுங்கள். நீளம் 6 முதல் 8 அங்குலம் போதும். அடி இலைகளை நீக்குங்கள். பாதி அளவு மண்ணில் ஊன்றுங்கள். நிழலில் வைத்து ஈரம் காயாமல் பாருங்கள். ஒன்று, ஒன்றரை மாதத்தில் வேர் பிடிக்கும்.

பிறகு ஒன்றரை அடி குழி எடுங்கள். மக்கிய சாண எருவும் மண்ணும் கலந்து நிரப்பி நடுங்கள். செடிக்குச் செடி 5 அடி விடுங்கள். நல்ல வெயில் வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. பூத்து ஓய்ந்ததும் கிளையைக் கத்தரியுங்கள். புதுத் துளிர் வரும். அதில் பூ வரும்.

எதில் கவனம் வேண்டும்?

கையில் உறை போட்டு வெட்டுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

வெட்டிய கிளையை மாட்டுத் தீவனத்தில் கலக்க விடாதீர்கள். காய்ந்த இலையிலும் நஞ்சு இருக்கும். எரிக்காதீர்கள், புகையும் கெடுதல். குழி தோண்டிப் புதையுங்கள்.

அரளிக் குச்சியால் பல் துலக்கக் கூடாது. சமையலைக் கிளறக் கூடாது. கை வைத்தியம் என்று யார் சொன்னாலும் உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது.

கேரளத்தில் 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவசம் போர்டு ஒரு முடிவு எடுத்தது. அதன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூ சேர்ப்பதை நிறுத்தியது. பிரசாதம் வாய்க்குப் போகும் பொருள் அல்லவா?

யாராவது தின்றுவிட்டால்?

வாந்தி, வயிற்று வலி, மயக்கம் வரலாம். இதயத் துடிப்பு தாறுமாறாகும். உயிரே போகலாம். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். பல மாநிலங்களில் 108 எண்ணுக்குப் பேசினால் வண்டி வரும். தின்ற இலையையோ காயையோ கையோடு கொண்டு போங்கள். மருத்துவருக்கு உதவும்.

எங்கள் மையத்தில் இதைச் சொன்னேன். ஓர் அக்கா கேட்டார்: "இவ்வளவு நஞ்சா? அப்படின்னா வெட்டிப் போட்டுடலாமே தம்பி?"

நான் சொன்னேன்: "அரிவாளும் ஆபத்துதான் அக்கா. ஆனா வீட்டுல வெச்சிருக்கோம். பிள்ளைங்க கைக்கு எட்டாம வெக்கிறோம், இல்லையா?"

அரளியும் அப்படித்தான். சிறு குழந்தைகள் விளையாடும் இடத்தில் வேண்டாம். மாட்டுக் கொட்டகை அருகே வேண்டாம். வேலி ஓரத்தில் வளர்க்கலாம்.

மறுநாள் அந்த அக்கா ஓர் அட்டையில் எழுதி வந்தார். அவர் வீட்டு அரளியில் இன்று அது தொங்குகிறது:

"அரளி. பார்க்கலாம். வாயில் வைக்கக் கூடாது."

உங்கள் ஊரிலும் அரளி இருக்கிறதா? நீங்களும் ஓர் அட்டை எழுதுங்கள்.