எழுத்தாளருக்கு ஏற்ற முகவர் யார்?

மலைநாட்டுக்குப் புகையிரதத்தில் சென்றவர்கள் ரம்புக்கனையை நன்கு அறிவர். 1867-ஆம் ஆண்டில் கண்டிவரை திறக்கப்பட்ட அப்பாதையில், கடுகண்ணாவை ஏற்றம் அங்கேதான் தொடங்குகிறது. நீராவி வண்டிகள் ஓடிய காலத்தில், பாரமான வண்டி அவ்வேற்றத்தை ஒரே எஞ்சினால் ஏறுவது கடினம். எனவே ரம்புக்கனையில் துணை எஞ்சின் ஒன்றையும் பூட்டுவார்கள். எழுத்தாளருக்கு இலக்கிய முகவரும் அத்தகைய துணையே. அவர் பாதையை அறிந்திருக்க வேண்டும். பாரத்தைத் தாங்கித் தள்ள வேண்டும். ஆனால் வண்டியைத் தமதாக்கிக் கொள்ளலாகாது.

முகவரின் பணி யாது? எழுத்துப் பிரதியைத் தக்க பதிப்பகத்திடம் சேர்ப்பித்தல், விலை பேசுதல், ஒப்பந்தத்தை ஆராய்தல், வரும் பணத்துக்குக் கணக்குக் காட்டுதல் ஆகியவையே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டனில் ஏ. பி. வாட் என்பவர் இதனை ஒரு தொழிலாகவே வளர்த்தார். தமிழில் இத்தொழில் இன்னும் வேரூன்றவில்லை. நண்பரோ பதிப்பாளரோதான் பெரும்பாலும் இப்பொறுப்பை ஏற்கின்றனர். எனினும் தமிழ் நூல்கள் இன்று கடல் கடந்து செல்கின்றன. பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு, 2023-ஆம் ஆண்டில் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம் பெற்றது. ஆதலின் இடையில் நின்று உதவ வருபவர் யாராயினும், அவரை எடைபோடக் கற்றுக்கொள்வது நம் இளைஞர்களுக்கு அவசியம்.

முதல் தகுதி, படிப்பார்வம். அருந்ததி ராயின் முதல் நாவலைப் பிரதியாகவே படித்த இலண்டன் முகவர் டேவிட் கோட்வின், ஆசிரியரைக் காண்பதற்கென்றே டெல்லிக்குப் பறந்து வந்தார். அந்நாவல் 1997-ஆம் ஆண்டில் புக்கர் பரிசு பெற்றது. எல்லா முகவரும் விமானம் ஏற வேண்டியதில்லை. ஆனால், “என் கதையில் எந்தப் பகுதி உங்களைக் கவர்ந்தது? எது சோர்வடையச் செய்தது?” என்று கேட்டால் விடை சொல்லத் தெரிய வேண்டும்.

தோட்டத்துக் கதைகளுக்கு இது இன்னும் முக்கியம். லயமும் பிரட்டும் கங்காணியும் இல்லாமல் அக்கதைகள் இல்லை. கேகாலை இறப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் பால்வெட்டச் செல்பவளின் பேச்சை, வெளியூர் வாசகருக்கு விளங்காது என்று அழித்துவிடச் சொல்பவர் நல்ல துணையல்லர். 1997-ஆம் ஆண்டில் தெளிவத்தை ஜோசப் தொகுத்த ‘மலையகச் சிறுகதைகள்’ என்னும் நூலைத் துரைவி பதிப்பகம் வெளியிட்டது. மலையக எழுத்தின் மதிப்பை உணர்ந்தவர்கள் முன்வந்ததாலேயே பலருடைய கதைகள் அவ்வாறு ஒரே நூலாகத் திரண்டன.

இரண்டாவது தகுதி, பண நேர்மை. உண்மையான முகவர் எழுத்தாளரின் வருமானத்திலிருந்தே தரகு பெறுவார். மேனாடுகளில் உள்நாட்டு விற்பனைக்கு நூற்றுக்கு 15 வீதமும், மொழிபெயர்ப்பு உரிமைக்கு 20 வீதமும் எடுப்பது பொதுவான வழக்கம். பிரதியைப் படித்துப் பார்க்கவே கட்டணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். சொந்தச் செலவில் நூல் அச்சிடுவது இழிவன்று. நம் நாட்டு எழுத்தாளர் பலர் அவ்வாறே செய்துள்ளனர். ஆனால் அச்சுக்கூலி பெறுபவர் தம்மை முகவர் என்று கூறிக்கொள்வது முறையன்று.

மூன்றாவது, உரிமையைப் பற்றிய தெளிவு. ஒரு படைப்பில் நூல், ஒலிபரப்பு, திரைப்படம், மொழிபெயர்ப்பு எனப் பல உரிமைகள் அடங்கியுள்ளன. பாரதியார் 1921-ஆம் ஆண்டில் மறைந்த பின்னர், அவர் பாடல்களின் உரிமைகள் வெவ்வேறு கைகளில் இருந்தன. அவற்றை 1949-ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் ஏற்ற பின்னரே பாடல்கள் பொதுவுடைமையாக வழி பிறந்தது. இலங்கையில் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நிலைக்கிறது. அதாவது, இன்று இடும் கையொப்பம் நம் பேரப்பிள்ளைகளையும் கட்டுப்படுத்தக் கூடும்! நல்ல முகவர் எந்த உரிமை, எத்தனை ஆண்டுக்கு, எந்த மொழிக்கு என்று பிரித்து எழுதுவார். “எல்லா உரிமையும் என்றென்றைக்கும்” என்று எழுதி நீட்டுபவரிடம் பேனாவை மூடிவிடுவதே மேல்.

நான்காவது, அனுபவம். இதுவரை யாருடைய நூல்களை எந்தப் பதிப்பகத்துக்குக் கொடுத்தார் என்று கேளுங்கள். அந்த எழுத்தாளர்களிடமே கணக்கு ஒழுங்காக வருகிறதா என்றும் விசாரியுங்கள். இக்கேள்விகளுக்குக் கோபிப்பவரைவிட, பதில் சொல்பவரே நம்பத் தக்கவர்.

பட்டமோ பதவியோ ஒருவரை நல்ல முகவர் ஆக்குவதில்லை. ஆகவே எழுத்தாளரே பரீட்சகராக அமர வேண்டியுள்ளது. மாணவ நண்பர்களே, உங்கள் பிரதியின் நகலொன்றைத் திகதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் வந்தால் விஷயமறிந்த ஒருவரோடு அமர்ந்து வரி வரியாகப் படியுங்கள். கையொப்பம் இடுமுன் ஒரு சொல்லைத் திருத்த ஒரு நிமிடம் போதும். இட்ட பின் அதே சொல்லைத் திருத்த ஓர் ஆயுளும் போதாமற் போகலாம்.