ஆட்டம் முடிந்த பிறகும் வாழ்வு உண்டு



கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் இறையியல் கற்றவர். பின்னாளில் மருத்துவப் பட்டமும் பெற்றவர். 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், பனிக்காலத்தில் வாலிபர் உள்ளே ஆடுவதற்காக இரண்டு பழக்கூடைகளை மாட்டி இதைத் தொடங்கினார். நம் நாட்டில் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கிய ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியை ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் நிறுவினார்.

அந்தச் சென்னையில் 1985-ல் பிறந்தவர் அனிதா பால்துரை. 2000 முதல் 2017 வரை இந்தியாவுக்காக ஆடினார். 19 வயதிலேயே அணித்தலைவியானார். ஒன்பது ஆசியப் போட்டித் தொடர்களில் பங்கேற்றார். தாயான பின்னரும் களத்திற்குத் திரும்பினார். 2017-ல் நம் ஓசூருக்கு அருகே பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவின் இறுதியாட்டத்தில் இந்தியப் பெண்கள் கஜகஸ்தானை 75-73 என்று வென்றனர். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

மற்றவர்கள் தொழிலில் காலூன்றும் முப்பது வயதை ஒட்டியே விளையாட்டு வீரரின் ஆட்டம் முடிந்துவிடுகிறது. பிறகு சோறு போடுவது எது? அனிதாவுக்குத் தெற்கு ரயில்வே வேலை இருந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் இத்தகைய வேலை, ஆடும் காலத்தில் சம்பளமும் ஓய்ந்தபின் ஆதரவுமாகிறது. எல்லாருக்கும் அது கிடைப்பதில்லை.

உடலும் கணக்குக் கேட்கும். குதித்து இறங்கித் திரும்பும் இந்த ஆட்டத்தில் முழங்காலின் உள் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். கவனியாமல் விட்டால் பின்னாளில் மூட்டுத் தேய்மானம் வரக்கூடும். பயிற்சி திடீரென நின்று, சாப்பாடு மட்டும் பழைய அளவிலேயே இருந்தால் உடல் எடை ஏறும்; சர்க்கரை நோய்க்கும் அது வழி திறக்கும்.

நம் ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்க்கும் பெண்களிலும் பள்ளியில் நன்றாக ஆடியவர்கள் உண்டு. வேலையும் திருமணமும் வந்ததும் ஆட்டம் நின்றுவிடுகிறது. அவர்களுக்குச் சொல்லுங்கள்: பயிற்சியைப் படிப்படியாகக் குறையுங்கள், நடையை விடாதீர்கள், தொடைத் தசைகளைப் பலப்படுத்துங்கள். முழங்கால் வீங்கினாலோ, நடக்கையில் நழுவினாலோ தைலம் தேய்த்து நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பிரசவத்திற்குப் பின் ஓடத் தொடங்குமுன் ஆலோசனை கேளுங்கள்.

உங்கள் சபையில் பந்து பிடிக்கும் ஒரு பெண்பிள்ளை இருந்தால், அவள் வெற்றிக்குக் கைதட்டுவதோடு நில்லாமல், அவளுடைய படிப்பையும் முழங்காலையும் விசாரியுங்கள். இரண்டும் நெடுநாள் தேவைப்படும்.